டெக்சஸ் சட்டமன்றக் கட்டடத்துக்குள் யார் வேண்டுமானாலும் போகலாமா?

கேள்வி: அமெரிக்க மாநிலங்களின் சட்டமன்றக் கட்டடங்களுக்குள் (கேபிட்டல் என்கிறார்களே) சாதாரண ஆள் நுழைய முடியுமா? நம் ஊர்க் கோட்டை மாதிரி பாஸ் எடுக்க வேண்டுமா? உள்ளே என்னதான் நடக்கிறது?

நான் இருப்பது ஆஸ்டினில், அதனால் டெக்சஸ் கேபிட்டலை வைத்தே சொல்கிறேன். போகலாம். பாஸ் வேண்டாம், கட்டணம் இல்லை, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்பாரும் இல்லை. வாசலில் விமான நிலையம் போல ஒரு சோதனை, அவ்வளவுதான். அதிலும் கைத்துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர் அந்த அட்டையைக் காட்டினால் சோதனை வரிசையில் நிற்காமலே உள்ளே போய்விடலாம்! உறுப்பினர்களைப் பார்த்து ஆதரவு திரட்டத் தினமும் வந்துபோகும் லாபிக்காரர்கள் சிலர் வரிசையைத் தாண்டுவதற்காகவே உரிமம் எடுத்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

முதலில் எல்லோரும் போய் நிற்பது குவிமாடத்துக்கு நேர் கீழே. அண்ணாந்து பார்த்தால் உச்சியில் ஒரு நட்சத்திரம் தெரியும். உள்ளங்கை அளவுதான் என்று தோன்றும், ஆனால் எட்டு அடி அகலம். சுற்றுச் சுவரில் இதுவரை இருந்த ஆளுநர்களின் படங்கள். (இங்கே ஆளுநர் என்பவர் தேர்தலில் ஜெயித்து ஆட்சி நடத்துபவர், நம் ஊர் முதல்வர் மாதிரி.) புதிதாக ஒருவர் படம் மாட்டும்போது மற்ற எல்லாப் படங்களையும் ஓர் ஆணி தள்ளி மாட்டுவார்கள். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக மேல்மாடிக்குப் போய்ச் சேரவேண்டியதுதான்.

கட்டடம் 1888-ல் முடிந்தது. கையில் பணமில்லை, நிலம் மட்டும் கொட்டிக் கிடந்தது. அதனால் கட்டித்தந்த சிகாகோ முதலாளிகளுக்குக் கூலியாக வடக்கே முப்பது லட்சம் ஏக்கரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. சிவந்த கிரானைட்டை வெட்டியெடுக்கச் சிறைக் கைதிகளை அனுப்பினார்கள். தொழிற்சங்கம் அதை எதிர்த்து வேலையைப் புறக்கணிக்க, ஸ்காட்லாந்திலிருந்து கல்தச்சர்களை இறக்கினார்கள். வாஷிங்டன் கேபிட்டலை விட இது 14 அடி உயரம் என்பதை எந்த ஆஸ்டின்காரரும் உங்களிடம் சொல்லாமல் விடமாட்டார்.

சரி, என்ன நடக்கிறது என்று கேட்டீர்களே. பெரும்பாலான நாள் ஒன்றும் நடக்காது. டெக்சஸ் சட்டமன்றம் வழக்கமாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் கூடும், ஒற்றைப்படை வருடத்தில் ஜனவரியில் தொடங்கி 140 நாள். உறுப்பினருக்குச் சம்பளம் மாதம் 600 டாலர், கூட்ட நாட்களுக்குப் படி தனி. ஆஸ்டினில் அந்தச் சம்பளத்தில் பாதி வாடகை கூடக் கொடுக்க முடியாது. ஆக, சொந்தத் தொழிலோ சொத்தோ உள்ளவர்தான் வர முடியும். எனக்கு இதுதான் இந்த அமைப்பின் பெரிய ஓட்டையாகத் தெரிகிறது.

கூட்டம் நடக்கும்போது போனால் குவிமாடத்தடியிலேயே நிற்காமல் நிலத்தடிக்கு இறங்குங்கள். 1993-ல் பின்பக்கம் பூமிக்குள் தோண்டிக் கட்டிய பகுதி அது. குழுக் கூட்டங்கள் பெரும்பாலும் அங்கேதான். ஒரு மசோதாவைப் பற்றி யார் வேண்டுமானாலும் பெயர் பதிந்துவிட்டு உறுப்பினர்கள் முன்னால் உட்கார்ந்து பேசலாம். ஆதரவா எதிர்ப்பா என்று ஓர் இயந்திரத்தில் தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் கதை.

என் பக்கத்து வீட்டு அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. பள்ளிக்கூட நிதி பற்றி ஒரு மசோதா வந்தபோது துணைக்கு நானும் போனேன். காலை எட்டரைக்குப் பதிந்தோம். அறை நிரம்பிவிட்டதால் வேறோர் அறையில் உட்காரவைத்து டிவியில் காட்டினார்கள். மதியம் அவை கூடுகிறது என்று குழுவை நிறுத்திவிட்டார்கள், மறுபடி தொடங்கியபோது மாலை. அதற்குள் சிற்றுண்டிக் கடையும் மூடியாயிற்று. அந்த அம்மா எழுதிவந்தது ஐந்து பக்கம், ஒருவருக்கு இரண்டு நிமிடம்தான் என்று அறிவித்தார்கள். மடியில் கைப்பையை வைத்து, அதன்மேல் தாள்களை விரித்து, பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தார். இரவு பதினொன்றரைக்குப் பெயர் கூப்பிட்டபோது கையில் இருந்தது அரைப்பக்கம். எதிரே பாதி நாற்காலி காலி. ஒரே ஒரு உறுப்பினர் மட்டும் திருப்பி ஒரு கேள்வி கேட்டார், வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று. அதற்கே அந்த அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். வீடு வரும் வரை அந்த ஒரு கேள்வியைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

மக்கள் உள்ளே வந்து பேச இப்படிக் காத்துக்கிடக்க, பிடிக்காத மசோதாவைத் தடுக்க உறுப்பினர்கள் வெளியே ஓடுவதும் இங்கே வழக்கம். மூன்றில் இரண்டு பங்கு ஆள் இல்லாவிட்டால் அவை நடக்காது. கீழவையில் 150 பேர், ஐம்பத்தொரு பேர் காணாமல் போனால் போதும். வராதவரைப் பிடித்துவர அவைக்கு அதிகாரம் உண்டு, ஆனால் மாநில எல்லை தாண்டினால் டெக்சஸ் போலீசுக்கு வேலையில்லை. அதனால் 2003-ல் ஓக்லஹோமாவுக்கும், 2021-ல் வாஷிங்டனுக்கும், 2025-ல் இல்லினாய்க்கும் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் ஓடினார்கள். கடைசியில் மூன்று முறையும் அவர்கள் எதிர்த்தது நிறைவேறிவிட்டது. 1979-ல் மட்டும் ஜெயித்தார்கள். பன்னிரண்டு செனட்டர்கள் (மேலவை உறுப்பினர்கள்) ஊரை விட்டே போகாமல், ஆஸ்டினிலேயே ஒரு கார் ஷெட் வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு நாலு நாளுக்கு மேல் ஒளிந்திருந்தார்கள். இடையில் வெளியே போன ஒருவரைத் தேடி ஹூஸ்டன் போன காவலர்கள், அவருடைய சகோதரரைப் பிடித்து ஹெலிகாப்டரில் ஆஸ்டினுக்கே கொண்டுவந்துவிட்டார்கள்!

2025-ல் திரும்பி வந்தவர்களுக்குக் கூடவே ஒரு போலீஸ்காரரைப் போட்டு, சம்மதக் கையெழுத்து வாங்கித்தான் வெளியே விட்டார்கள். நிக்கோல் காலியர் என்ற உறுப்பினர் கையெழுத்துப் போட மறுத்து, அவைக்குள்ளேயே நாற்காலியில் படுத்து இராத்திரியைக் கழித்தார்.

அடுத்த வழக்கமான கூட்டம் 2027 ஜனவரி 12-ல் தொடங்கும். பேசப் போகிறீர்கள் என்றால் மார்ச், ஏப்ரல்தான் குழுக்களுக்கு நெருக்கமான காலம். தயிர்சாதம் கட்டிக்கொண்டு போங்கள், ஃபோன் சார்ஜரை மறக்காதீர்கள், எழுதிய பேச்சை வீட்டிலேயே இரண்டு நிமிடத்துக்கு வெட்டிவிடுங்கள். அப்புறம், நிலத்தடியில் குளிர்சாதனம் பல்லைக் கிட்டவைக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.