பாப் ஸ்மியர் நார்மல், ஆனா ரத்தம் நிக்கல

உறவுக்கு அப்புறம் நாலு மாசமா ரத்தம் வருதுன்னு லெட்டரோட கடைசியில ஒரே வரியில எழுதிருக்கீங்கம்மா, அதுக்கு முன்னாடி ஒரு பக்கம் முழுக்க முடி கொட்டுறது, இடுப்பு வலி, வெள்ளைப்படுதல். நாத்தம், அரிப்பு இல்லாத வெள்ளைப்படுதல் இயல்புதான், மத்ததை அப்புறம் பாத்துக்கலாம். எனக்கு கவலை அந்த ரத்தம்தான்.

26 வயசு, பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயில செல் எடுத்துப் பாக்குற டெஸ்ட்) நார்மல், ஹெச்பிவி (கர்ப்பப்பை வாய் கேன்சரை உண்டாக்குற வைரஸ்) நெகட்டிவ், அப்போ கேன்சர் இருக்காதுல்லன்னு கேக்குறீங்க. பெரும்பாலும் இருக்காது. உங்க வயசுல கர்ப்பப்பை வாயில சின்ன பாலிப்போ இன்ஃபெக்ஷனோதான் அதிகம். ஆனா அந்த ரெண்டு டெஸ்ட்டும் எந்த தொந்தரவும் இல்லாதவங்களுக்கு முன்கூட்டியே பாக்குறதுக்கு, ரத்தம் வர்றவங்க அதை நம்பி உக்காந்திருக்கக் கூடாது. நீங்க நெட்ல படிச்சு தூக்கம் கெட்டுப்போன க்ளியர் செல் அடினோகார்சினோமாங்கிற கேன்சர் வகை ரொம்ப அபூர்வம், ஆனா அது பெரும்பாலும் ஹெச்பிவியால வர்றதில்ல, கர்ப்பப்பை வாய்க்குழாய்க்குள்ள மேல வளந்தா பாப் ஸ்மியர்ல தப்பிக்கவும் செய்யும். அதனால ஸ்பெகுலம்ங்கிற கருவி வச்சு கண்ணால பாக்கணும், கால்போஸ்கோப்பி (லென்ஸ் வழியா பெருசாக்கிப் பாக்குறது) பண்ணணும், தேவைன்னா குழாய்க்குள்ள சுரண்டி எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பணும்.

கடையில கொடுத்தாங்கன்னு மூணு மாசம் ஹார்மோன் மாத்திரை போட்டிருக்கீங்க, படிக்கவே கோவமா வருது. யாரும் உள்ள பாக்காமலே எதுக்கும்மா மாத்திரை? இனி வாங்காதீங்க. நிறுத்தின சில நாள்ல பீரியட் மாதிரி ரத்தம் வரலாம், அதுக்கு பயப்படாதீங்க.

"இன்னும் குழந்தை இல்ல டாக்டர்"னு எழுதினீங்களே, உங்க பயமே அதுதான்னு புரியுது. ஒருவேளை கேன்சர்னே வந்தாலும் உடனே கர்ப்பப்பையை எடுத்துடுவாங்கன்னு இல்ல. நீங்க படிச்ச அந்த வகை அபூர்வம்ங்கிறதால முதல்ல பயாப்ஸி ஸ்லைடை பெண்கள் கேன்சர்ல அனுபவமுள்ள இன்னொரு பெத்தாலஜிஸ்ட்கிட்ட (திசுவை மைக்ராஸ்கோப்ல பாக்குற டாக்டர்) காட்டணும், எம்ஆர்ஐ எடுக்கணும். கட்டி 2 செ.மீ.க்குள்ள இருந்து நெறிகட்டிக்கும் பரவலன்னா சிலருக்கு வாய்ப்பகுதியை மட்டும் எடுத்துட்டு கர்ப்பப்பையை விட்டுவைக்கலாம், டிராக்கெலெக்டமின்னு பேரு, ஃபிரான்ஸ்ல டார்ஜென்ட்ங்கிற டாக்டர் 1987ல ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் குழந்தை பெத்தவங்க இருக்காங்க, சிசேரியன்தான், குறைமாசத்துல பிறக்குற ரிஸ்க்கும் உண்டு. ஸ்மால் செல்ங்கிற இன்னொரு கேன்சர் வகைக்கு இது ஒத்துவராது. கட்டி பெருசுன்னா ரேடியேஷனும் சிஸ்பிளாட்டின்ங்கிற கீமோ மருந்தும்தான், ரேடியேஷன் சினைப்பையைக் கெடுத்துடும், அதனால கருமுட்டையை எடுத்து வைக்கிறதை ட்ரீட்மென்ட்டுக்கு முன்னாடியே கேக்கணும்.

இதெல்லாம் அப்புறம். இந்த வாரமே ஒரு மகப்பேறு டாக்டர்கிட்ட போங்க. ரூமுக்குள்ள போனதும் முடி கொட்டுறதுல ஆரம்பிக்காதீங்க, ரத்தத்தை முதல்ல சொல்லுங்க.