பூட்டுவதற்கு முன் பல்லைப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு வயது 22. ஆட்டிசமும் அறிவுத்திறன் குறைபாடும் உண்டு, பேச்சு வராது. மாசியில் உறவினர் கூடி முன்னோருக்குப் படையலிடும் பொது வீட்டுப் படைப்புக்குப் போய் வந்ததிலிருந்து கன்னத்தில் அறைந்துகொள்கிறான், என் கையைக் கடிக்கிறான், ஆசையாகச் சாப்பிடும் கந்தரப்பத்தைத் தட்டிவிடுகிறான். வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டில் ஓர் அறையில் வைத்துப் பூட்டச் சொல்கிறார் கொழுந்தனார். தூக்க மாத்திரை கொடுக்கலாமா?
(ஒரு தாய், கண்டனூர்)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் கந்தரப்பம் பற்றிய வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். (உங்கள் மகன் 22 வயது நிறைந்தவர் என்பதால் அவரை 'அவர்' என்றே எழுதுகிறேன்.) வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒருவர், ஆசைப்பட்ட பண்டத்தை ஒதுக்கிக் கன்னத்திலும் அறைந்துகொண்டால், முதலில் பல்லையும் காதையும்தான் பார்க்க வேண்டும். அவருடைய வயது ஞானப்பல் முளைக்கும் வயது. சொத்தைப்பல், காதில் சீழ், நாள்பட்ட மலச்சிக்கல், நெஞ்செரிச்சல் ஆகியவையும் பேச்சு வராதவர்களிடம் கோபமாகவே வெளிப்படுவதுண்டு. எப்போதும் ஒரே பக்கக் கன்னத்தில்தான் அறைகிறாரா என்று கவனித்து, இந்த வாரமே பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கூட்டமில்லாத நேரத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வலி தீர்ந்த பிறகும் கடிப்பது தொடரலாம். அதற்காக இன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, கடிப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், அதற்குப் பின் என்ன நடந்தது என்று மூன்று பத்திகளாக இரண்டு வாரம் எழுதுங்கள். மூன்றாவது பத்தியைப் பலரும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் மிகவும் வேண்டும். கடித்தவுடன் விருந்தாளிகள் எழுந்து போய்விட்டார்கள் என்றால், கடிப்பதுதான் அவரிடம் இருக்கும் 'போதும்' என்ற சொல்.

என்னிடம் வந்த ஓர் இளம்பெண், வீட்டுக்கு யார் வந்தாலும் தாயின் முந்தானையைப் பிடித்திழுத்துக் கடிப்பார். எழுதிப் பார்த்தபோது, ஆட்கள் வந்தது அவருக்குத் தொந்தரவே இல்லை என்று தெரிந்தது. காபி போடத் தாய் அடுப்படிக்குப் போனதும், முகம் தெரியாதவர்களோடு பட்டாலை எனும் கூடத்தில் தனியாக விடப்பட்டதுதான் காரணம். அடுத்த முறை தாய் அவரையும் அடுப்படிக்கு அழைத்துப்போய், டம்ளர்களைத் தட்டில் அடுக்கும் வேலையைக் கொடுத்தார். அவர் ஒவ்வொரு டம்ளரையும் விளிம்பு தொட்டுச் சரிபார்த்து அடுக்குவதை நானே ஒரு நாள் பார்த்தேன். கடிப்பது மெல்லக் குறைந்து, சில மாதங்களில் நின்றது.

உங்கள் மகனுக்கும் 'போதும்' என்று காட்ட ஒரு படம் போட்ட அட்டையோ, உள்ளங்கையை உயர்த்தும் சைகையோ பழக்குங்கள். அதைக் காட்டியவுடன், தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும், நடந்துகொண்டிருப்பதை நிறுத்த வேண்டும். அப்பத்தா முதல் கொழுந்தனார் வரை வீட்டில் எல்லோரும் ஒன்றுபோல் இதைச் செய்தால்தான் பலிக்கும். படைப்பு போன்ற கூட்டங்களுக்குப் போகுமுன் அங்கே நடக்கப்போவதை வரிசையாகப் படங்களில் காட்டிவிட்டு, சிறிது நேரம் மட்டும் இருந்து திரும்புங்கள். வளவின் (உள்முற்றத்தைச் சுற்றிய இடத்தின்) ஒரு மூலையில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் குளிர்ச்சியில் அவர் விரும்பினால் போய் உட்காரவும், விரும்பினால் எழுந்து வரவும் ஓர் இடம் ஒதுக்குங்கள்.

ஆனால் பூட்டாதீர்கள். 2001 ஆகஸ்டு 6 அன்று பக்கத்து மாவட்டத்து ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்ததை நம் பகுதியில் யாரும் மறக்கக் கூடாது. அப்படி எதுவும் நேராவிட்டாலும், பூட்டிய அறைக்குள் அவருடைய பல்வலி பல்வலியாகவே இருக்கும்.

தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். சிலருக்கு அது பதற்றத்தைக் கூட்டிவிடும். ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் ஆட்டிசத்தில் வரும் கடும் எரிச்சலைத் தணிக்கும் என்றாலும், உடல் எடையையும் சோர்வையும் கூட்டுவதால், மேற்சொன்னவற்றைச் செய்து பார்த்த பிறகு மனநல மருத்துவரின் மேற்பார்வையில், குறைந்த அளவில் தொடங்க வேண்டியவை. வலிப்பு, தலைக்காயம், நீர்கூட இறங்காத நிலை ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

உங்கள் கையைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மனிதப் பல் பட்ட காயம் எளிதில் சீழ் பிடிக்கும். தோல் கிழிந்திருந்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.