கான்செர்டோ கிராஸோ என்றால் என்ன? எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

சாதாரண கான்செர்டோவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கான்செர்டோ என்பது மேற்கத்திய செவ்வியல் இசையில் ஒரு வடிவம். சாதாரணமாக ஒரே ஒரு கலைஞர் முன்னால் நிற்பார், ஆர்கெஸ்ட்ரா என்ற வாத்தியக் குழு அவருக்குத் துணை. கான்செர்டோ கிராஸோவில் முன்னால் இருப்பது ஒரு சிறு குழு. அதன் பெயர் கான்செர்டினோ. பின்னால் உள்ள பெரிய குழு ரிப்பியேனோ.

தொடங்க வேண்டியது இத்தாலிய இசையமைப்பாளர் கொரெல்லியிடம். அவர் 1713-இல் ரோமில் இறந்தார். மறு வருடம் ஆம்ஸ்டர்டாமில் அவருடைய ஓபஸ் 6 (படைப்பு வரிசையில் ஆறாவது), 12 கான்செர்டோக்களின் தொகுப்பு, அச்சானது. சிறு குழுவில் இரண்டு வயலின், ஒரு செல்லோ (வயலின் குடும்பத்தின் பெரிய, கனத்த குரல் கருவி), அவ்வளவுதான். அந்தப் பதிப்பின் முகப்பிலேயே ஒரு குறிப்பு உண்டு: இந்த மூவரும் கட்டாயம், பெரிய குழு உங்கள் விருப்பம், வேண்டுமானால் ஆட்களைக் கூட்டிக்கொள்ளலாம்.

அதைப் படித்த பிறகுதான் எனக்கு இந்த இசை பிடிபட்டது. அதுவரை இரண்டு அணிகள் மோதிக்கொள்வதாக நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். கொரெல்லியிடம் மோதலே இல்லை. பெரிய குழு நுழையும்போது மூவரும் நிறுத்துவதில்லை, அவர்களுடைய வரியே பல கைகளில் தடிக்கிறது. சட்டென்று மற்றவர்கள் விலகியதும் அதே மூன்று குரல்கள் தனியாக, மிக அருகில் கேட்கும். அந்த ஒரு கணத்துக்காகவே நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

அந்தத் தொகுப்பின் எட்டாவது கான்செர்டோவை முதலில் கேளுங்கள். கிறிஸ்துமஸ் இரவுக்காக எழுதியது. ஜி மைனர் என்ற சுர அமைப்பில் தொடங்கி, கடைசியில் ஜி மேஜருக்கு வந்து 'பாஸ்டொராலே' என்ற பகுதியில் முடியும். கிறிஸ்துமஸ் சமயத்தில் ரோமுக்கு வந்து குழல் ஊதிய இடையர்களை நினைவூட்டும் இசை அது. அடியில் சுருதிபோல ஒரு சுரம் நிலைத்து நிற்க, மேலே வயலின்கள் தாலாட்டுவதுபோல் அசையும்.

அப்புறம் ஹேண்டல் என்ற இசையமைப்பாளருக்குப் போகலாம். அவருடைய ஓபஸ் 6-இலும் 12 கான்செர்டோக்கள். 1739-இல் ஏறக்குறைய ஒரே மாதத்தில் எழுதி முடித்தார். அடுத்து, பாக் (Bach) என்ற இசையமைப்பாளரின் பிராண்டன்பர்க் கான்செர்டோக்களில் இரண்டாவதைக் கேளுங்கள். அங்கே சிறு குழு டிரம்பெட், ரெக்கார்டர் (ஒரு வகைக் குழல்), ஓபோ (நாதஸ்வரம்போல் சீவாளி வைத்து ஊதும் குழல்), வயலின். நான்குக்கும் ஒலியில் நான்கு நிறம் என்பதால் யார் வாசிக்கிறார்கள் என்பது உடனே தெரிந்துவிடும்.

கொரெல்லியில் அது அத்தனை எளிதில் தெரியாது, எல்லாமே நரம்புக் கருவிகள். ஹெட்போனில் கேளுங்கள். முதல் முறை வயலின்களோடு போங்கள், இரண்டாம் முறை செல்லோவை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.