பக்கத்து மேசை

அன்புள்ள ஐயா,

போருக்குப் பிந்தைய ஜெர்மனியை வைத்து ஒரு துப்பறியும் நாவல் எழுதுகிறேன். தலைமறைவான நாஜிகளைத் தேடும் மூன்று அதிகாரிகளை ஒரு ரகசியக் கும்பல் ஒவ்வொருவராகக் கொல்கிறது. முதல் கொலை எந்த அத்தியாயத்தில் வர வேண்டும்? நடுவில் காதல் தேவையா? ஃப்ரிட்ஸ் பாவர் என்ற அரசு வழக்கறிஞர் 1968இல் குளியல் தொட்டியில் இறந்து கிடந்தாராமே, அதையே கடைசிக் கொலையாக வைக்கலாமா?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

காதல் உங்கள் விருப்பம். முதல் கொலையும் அப்படித்தான். பத்து நாளாக நான் பாவரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

எதற்கு இந்தக் கும்பல்? பாவர் யூதர். 1933இல் நாஜிகள் அவரை முகாமில் அடைத்தார்கள். பிறகு டென்மார்க், ஸ்வீடன் என்று ஓடி உயிர் பிழைத்து, 1949இல் திரும்பி வந்தார். 1956இல் ஹெஸ்ஸே மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞர் ஆனார். அடுத்த வருடமே, யூதப் படுகொலைகளை ஏற்பாடு செய்த நாஜி அதிகாரி ஐஷ்மன் அர்ஜென்டினாவில் ஒளிந்திருக்கும் தகவல் அவர் கைக்கு வருகிறது. கையில் இவ்வளவு அதிகாரம் இருக்கிற மனிதர் என்ன செய்ய வேண்டும்? தன் நாட்டுப் போலீசைக் கூப்பிட வேண்டும். அவர் கூப்பிடவில்லை. ரகசியமாக இஸ்ரேலுக்குச் சொன்னார். சொந்த நாட்டுப் போலீசிடமோ தூதரகத்திடமோ சொன்னால், ஐஷ்மன் காதுக்குச் செய்தி போய்விடும் என்று பயந்தார்.

அந்தப் பயம் வீண் பயம் இல்லை. 1959இல் மத்தியக் குற்றப் புலனாய்வுத் துறையின் உயர் பொறுப்புகளில் இருந்த 47 பேரில் 33 பேர், ஹிட்லரின் எஸ்.எஸ். என்ற நாஜிப் படையின் முன்னாள் அதிகாரிகள். எஸ்.எஸ்.ஸில் இருந்த பால் டிக்கோப் 1965இல் அந்தத் துறைக்கே தலைவர் ஆனார், 1968இல் இன்டர்போலுக்கும். நாஜிக் குற்றங்களை விசாரிக்கவே 1958இல் லுட்விக்ஸ்பர்க்கில் ஓர் அலுவலகம் திறந்தார்கள். அதன் முதல் தலைவரே நாஜிக் கட்சியில் இருந்தவர். அது வெளியே வந்து, 1966இல் பதவி விலகினார். இப்போது சொல்லுங்கள், உங்கள் ரகசியக் கும்பல் இவர்கள் முன்னால் எந்த மூலைக்கு?

என் அப்பா நீதிமன்றத்தில் ஆவண அறையில் வேலை பார்த்தவர். ஒரு கட்டு காணோம் என்றால் வெளியாட்களைச் சந்தேகப்பட மாட்டார். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, உடன் வேலை செய்தவர்களின் மேசைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார். ஒருமுறை, தினமும் அவரோடு சாப்பிட்டவரின் இழுப்பறையில் கட்டு கிடைத்தது. அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. பாவரைப் படிக்கும்போதெல்லாம் அந்த இரவுதான் நினைவுக்கு வருகிறது. அலுவலகத்தை விட்டு வெளியே வந்தால் எதிரி நாட்டுக்குள் நுழைகிறேன் என்று பாவர் சொன்னதாகச் சொல்வார்கள். அந்த மனிதர்தான் ஆஷ்விட்ஸ் என்ற நாஜிக் கொலைமுகாமின் காவலர்களை 1963இல் பிராங்பர்ட் நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். இருபது மாதம் நடந்த வழக்கு அது! அதில் இல்லாத பரபரப்பா?

குளியல் தொட்டி விஷயத்துக்கு வருகிறேன். கோபமாகவே சொல்கிறேன், அதைத் தொடாதீர்கள். தூக்க மாத்திரையும் மதுவும் உடலில் இருந்தன, கொலைக்குத் தடயம் இல்லை என்று விசாரணை முடிந்தது. இல்லாத கொலைகாரனை நீங்கள் கொண்டுவந்தால், அத்தனை வருடம் பக்கத்து அறையில் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் தப்பிவிடுவார்கள்.

மூன்று அதிகாரிகளையும் உயிரோடு விடுங்கள். அவர்கள் கேட்கும் கோப்பு மட்டும் வராமல் இருக்கட்டும். முதல் ஐம்பது பக்கம் எழுதியதும் அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.