எந்த வரிசையில் உட்காருவாய்?

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் இளநிலை உயிரியல் மூன்றாம் ஆண்டு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. பள்ளியில் எழுதிய ஏபி தேர்வுகளின் (கல்லூரித் தரப் பாடங்களுக்கானவை) கிரெடிட்டையும் சேர்த்தால், நான்கு ஆண்டுப் பட்டத்துக்கு வேண்டிய 120 கிரெடிட் வரும் மே மாதமே முடிந்துவிடும். ஜிபிஏ, அதாவது மதிப்பெண் சராசரி, 4-க்கு 3.9. ஓராண்டு முன்னதாகப் பட்டம் வாங்கிக்கொண்டு நேராக பிஎச்டிக்குப் போகலாமா? சேர்க்கைக் குழு இதைத் திறமை என்று பார்க்குமா, அவசரம் என்று பார்க்குமா? ஓராண்டுக் கட்டணமும் மிச்சம்.

எம்.

அன்புள்ள எம்.,

போன வாரம் ஒரு பையனுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இரண்டு மாதப் பழக்கம். நல்ல பையன். 'நல்ல பையன்' என்பதற்கு மேல் ஒரு வரி நகரவில்லை. அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. கொஞ்சம் கடுமையாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழு என்ன நினைக்கும் என்பதை விடுங்கள். மூன்று ஆண்டில் முடித்ததற்காக யாரும் மாலை போடப்போவதில்லை, கல்லெறியவும் போவதில்லை.

நாள்காட்டியைப் பாருங்கள் தம்பி. அடுத்த இலையுதிர் பருவத்தில் சேர வேண்டுமென்றால் இந்த டிசம்பரிலேயே விண்ணப்பம் போக வேண்டும். அப்போது உங்கள் கையில் இருப்பது இரண்டு ஆண்டு மதிப்பெண்தான். அந்த இரண்டு ஆண்டும் பெரும்பாலும் நூற்றுக்கணக்கானோர் உட்காரும் அறிமுக வகுப்புகள். பெயர் தெரிந்து பேசும் ஆசிரியர்கள் வருகிற சிறிய வகுப்புகள் இப்போதுதானே தொடங்குகின்றன? விண்ணப்பத்துக்குக் கேட்பதோ மூன்று பரிந்துரைக் கடிதங்கள். உங்கள் மடலில் கிரெடிட் இருக்கிறது, ஜிபிஏ இருக்கிறது, கட்டணம் இருக்கிறது. ஒரு ஆசிரியரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஓர் ஆய்வகம்கூட இல்லை. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

நானும் அங்கே படித்தவன், ஒரு பருவம் முன்னதாகவே முடித்தவன். பருவத்துக்கு ஆறு பாடம். கடிதம் கேட்டு ஒரு பேராசிரியரின் அறைக்குப் போனேன். மதிப்பெண் ஏட்டை எடுத்து, விரலை மேலிருந்து கீழே ஓட்டி, என் பெயரில் நிறுத்தினார். "ஏ வாங்கியிருக்கிறாய். எந்த வரிசையில் உட்காருவாய்?" கடைசி வரிசை, கதவோரம். அடுத்த வகுப்புக்கு ஓட அதுதான் வசதி. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதித் தருகிறேன். ஆனால் இந்த ஏட்டில் இருப்பதைத்தான் எழுத முடியும்" என்றார். எழுதியும் தந்தார். அந்த ஆண்டு எனக்கு எங்கேயும் இடம் கிடைக்கவில்லை.

அந்தக் கடிதம்தான் காரணமா? தெரியாது. கடிதத்தைப் பார்க்கும் உரிமை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுத்தானே கேட்கிறோம்!

பணம்தான் நெருக்கடி என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாம், அதில் வெட்கமில்லை. மே மாதம் முடித்துவிட்டு, ஓராண்டு ஓர் ஆய்வகத்தில் சம்பளத்துக்கு வேலை பாருங்கள். டிசம்பரில் விண்ணப்பியுங்கள். உங்கள் வகுப்புத் தோழர்கள் பிஎச்டி சேரும் அதே பருவத்தில் நீங்களும் சேர்வீர்கள். கட்டணம் மிச்சம், காலம் மிச்சமில்லை, அவ்வளவுதான். எஃப்-1 மாணவர் விசா என்றால், படிப்பு முடிந்து வேலை பார்க்கத் தரும் ஓபிடி அனுமதியின் 12 மாதக் கணக்கை முதலில் விசாரியுங்கள். இன்னொன்று, கோடைக்கால ஆய்வுத் திட்டங்கள் பலவும் பட்டம் வாங்காதவர்களுக்குத்தான். வாங்கியதும் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும்.

என் கதையும் அப்படித்தான் நகர்ந்தது. ஓராண்டு ஓர் ஆய்வகத்தில் எடுபிடி வேலை. கருவியின் பூஜ்ஜியத்தைச் சரிபார்க்காமல் மூன்று வாரம் அளவெடுத்தேன். அத்தனையும் குப்பை. நானே போய்ச் சொன்னேன், மறுபடி எல்லாவற்றையும் அளந்தேன். அடுத்த ஆண்டு இடம் கிடைத்தது. விடைபெறப் போனபோது அந்த ஆய்வகத் தலைவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உன் கடிதத்தில் பாதிக்குமேல் அந்த மூன்று வாரம்தான்."