ஐடியா நல்லா இருக்கு, ஆனா டிசைன் சப்புனு வருதே, ஏன்?

கேள்வி: கிராஃபிக் டிசைன் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். லைப்ரரி இனிமே ராத்திரியும் திறந்திருக்கும்னு சொல்ற ஒரு போஸ்டர் பண்ணணும். மனசுல ஐடியா சூப்பரா தோணுது, இல்லஸ்ட்ரேட்டர் சாஃப்ட்வேர்ல போட்டா சப்புனு ஆயிடுது. அப்புறம் சப்மிஷன் வரைக்கும் கலரையும் ஃபான்ட்டையும் மாத்திக்கிட்டே இருக்கேன். எங்க தப்பு பண்றேன்?

பதில்: நீங்க எழுதினதுலயே விஷயம் இருக்குங்க. ஐடியா தோணுது, அடுத்த நிமிஷம் இல்லஸ்ட்ரேட்டர், நடுவுல ஒண்ணுமே இல்ல. மனசுல தோணுறது பெரும்பாலும் ஒரு ஃபீல் தான், எழுத்து எவ்வளவு பெருசு, எங்க காலியா விடணும், கண்ணு முதல்ல எங்க போகணும்னு எதுவும் அதுல முடிவாகியிருக்காது. சாஃப்ட்வேரைத் திறந்தா அது கேக்குற கேள்வியே வேற, எந்த ஃபான்ட், எந்த கலர், ஸ்ட்ரோக், அதாவது கோட்டோட தடிமன், எத்தனை பாயின்ட்னு, நாமளும் அதுக்கே பதில் சொல்லிக்கிட்டு உக்காந்துடுவோம், லேயவுட், அதாவது எதை எங்க எவ்வளவு பெருசா வைக்கிறதுங்கிற கேள்வி அப்படியே நிக்கும்.

அதனால முதல்ல பேப்பர். தீப்பெட்டி சைஸ்ல, போஸ்டரோட அதே விகிதத்துல கட்டம் போட்டு அதுக்குள்ள தம்ப்நெயில், அதாவது குட்டி கரடு ஸ்கெட்ச், வரையுங்க, அழகா வரணும்னு அவசியமே இல்ல, ஒண்ணுக்கு ஒரு நிமிஷம் போதும், ஒரு இருபதாவது போடுங்க. சின்னதா இருக்கிறதால டீட்டெயில் வரைய முடியாது, எது பெருசு எது சின்னதுன்னு மட்டும் தான் முடிவு பண்ண முடியும், நமக்கு வேண்டியதும் அதுதான்.

உங்க போஸ்டரையே எடுத்துக்கோங்க. ராத்திரின்னா நிலா, லைப்ரரின்னா புக்கு, முதல் நாலஞ்சு கட்டத்துல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல தான் வைப்பீங்க, எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பாங்க. அது தீர்ந்ததும் நிலாவை புக்குக்குள்ள வைப்பீங்க, புக்கை ஜன்னலாக்குவீங்க, அப்படியே போகப் போக ஒரு கட்டத்துல புரட்டுற பக்கம் வளையுற அந்த வளைவே பிறை மாதிரி தெரியும். அப்போ தனியா நிலாவே வேண்டாம், கறுப்பு பேக்ரவுண்டு, ஒரே ஒரு வெள்ளைப் பக்கம், கீழ லைப்ரரி திறந்திருக்கிற நேரம். ரெண்டு படம் ஒண்ணாச்சு பாருங்க, இது முதல் கட்டத்துல வராதுங்க, கை வரைஞ்சுக்கிட்டே இருந்தா தான் கண்ணுல படும்.

ஃபெடெக்ஸ் கூரியர் கம்பெனி லோகோவுல இ-க்கும் எக்ஸ்-க்கும் நடுவுல இருக்கிற அம்புக்குறி தெரியும்ல, 1994-ல வந்த அந்த லோகோவை பண்ணினவர் லிண்டன் லீடர், 200-க்கும் மேல வெர்ஷன் பாத்த வேலை அது. எழுத்துக்களை நெருக்கி வச்சுப் பாக்கும்போது தான் அம்பு அவர் கண்ணுல பட்டுச்சு. பட்டதோட விடல, அம்பு இயல்பா உக்காரணும்னு யூனிவர்ஸ், ஃபியூச்சுரா ரெண்டு ஃபான்ட்டோட குணத்தையும் கலந்து எழுத்தையே மாத்தி வரைஞ்சார். ஐடியா கிடைக்கிறது ஒரு வேலை, அதுக்கு ஏத்த மாதிரி மத்ததை எல்லாம் வளைக்கிறது இன்னொரு வேலை, உங்க மீதி நேரம் முழுக்க இந்த ரெண்டாவதுக்குத் தான் போகணும்.

பின்ட்ரெஸ்ட் மாதிரி சைட்ல அடுத்தவங்க டிசைனைப் பாக்குறது தப்பில்ல, ஆனா முதல் ரவுண்டு தம்ப்நெயில் முடிஞ்ச அப்புறம் பாருங்க. முன்னாடியே பாத்தா அடுத்தவங்க முடிச்ச வேலை மனசுல ஒட்டிக்கும், கை அதையே தான் வரையும்.

மூணு கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, கம்ப்யூட்டர்ல கறுப்பு வெள்ளையில மட்டும் பண்ணுங்க. கலர் கடைசி, இதுல நான் ரொம்ப ஸ்ட்ரிக்டு, ஏன்னா கறுப்பு வெள்ளையில நிக்காத லேயவுட்டை கலர் காப்பாத்தாது, மறைக்க மட்டும் தான் செய்யும். நீங்க சப்மிஷன் வரைக்கும் கலர் மாத்திக்கிட்டு இருக்கிறதுக்கு காரணமும் இதுதான்னு நினைக்கிறேன்.

ஃப்ரெண்ட்ஸ் கிட்ட காட்டி "எப்படி இருக்கு"ன்னு கேக்காதீங்க, நல்லா இருக்குன்னு தான் சொல்லுவாங்க. மூணு செகண்ட் காட்டிட்டு மூடிடுங்க, என்ன சொல்லுதுன்னு கேளுங்க. "ஏதோ புக்கு விக்கிறாங்க"ன்னு பதில் வந்தா நேரம் போட்ட வரி சின்னதா இருக்குன்னு அர்த்தம், அதைப் பெருசாக்கி வேற ஒரு ஆளுக்குக் காட்டுங்க.

பிரிண்ட்டுக்கு போறதுக்கு முன்னாடி ஃபைலை சிஎம்ஒய்கே-ல, அதாவது பிரிண்ட் மையோட நாலு கலர் முறையில, பாத்துடுங்க, ராத்திரி போஸ்டர்னா நீலம் போட ஆசை வரும், ஸ்க்ரீன்ல பளிச்சுனு தெரியுற நீலம் பேப்பர்ல மங்கிடும், சில சமயம் ஊதா பக்கம் சாயும். சுத்தி 3 மில்லிமீட்டர் ப்ளீட், அதாவது ஓரத்தை வெட்டும்போது போறதுக்காக டிசைனை வெளிய நீட்டுற பகுதி, விடுங்க, போட்டோ இருந்தா பிரிண்ட் சைஸ்ல 300 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி) இருக்கணும், ஃபான்ட்டை அவுட்லைன் பண்ணின, அதாவது எழுத்தை வடிவமா மாத்தின, காப்பியைத் தனியா சேவ் பண்ணுங்க. அப்புறம் ஒரே ஒரு பிரிண்ட் நிஜ சைஸ்ல எடுத்து சுவத்துல ஒட்டி, பத்தடி தள்ளி நின்னு நேரம் படிக்க முடியுதான்னு பாத்துட்டு சப்மிட் பண்ணுங்க. அந்த தம்ப்நெயில் பேப்பரையும் தூக்கிப் போடாதீங்க, போர்ட்ஃபோலியோவுல கடைசி போஸ்டரோட சேத்து வைங்க, வேலைக்கு எடுக்கிறவங்க நீங்க எப்படி யோசிக்கிறீங்கன்னு அதுல தான் பாப்பாங்க.