கேக் ஏன் குழிகிறது, பிரெட் ஏன் கல்லாகிறது? வீட்டு பேக்கிங் கேள்வி-பதில்

பதில்களுக்கு முன் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே டீஸ்பூன் என்பது 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15 மில்லி, இரண்டும் தலை தட்டி. வெப்பம் எல்லாம் செல்சியஸில். மாவை மட்டும் கப்பில் சொல்லவே இல்லை. ஒரே கப்பில் மைதாவைக் கரண்டியால் தளரப் போட்டு வழித்தால் 120 முதல் 125 கிராம் வரும். கப்பை மாவுக்குள் அழுத்தி அள்ளினால் 150 வரை ஏறும். மூன்று கப் மாவு கேட்கும் குறிப்பில் அது 75 கிராம் வித்தியாசம். நல்ல குறிப்பைக் கெடுக்க அதுவே போதும். பேக்கிங்குக்கு என்று ஒரே ஒரு சாமான் வாங்குவதாக இருந்தால் டிஜிட்டல் தராசு வாங்குங்கள்.

கேள்வி: ஓவனுக்குள் கேக் அழகாக எழும்பி நிற்கிறது. வெளியே எடுத்துப் பத்து நிமிடத்தில் நடுப்பகுதி குழிந்துவிடுகிறது. பேக்கிங் பவுடர் போதவில்லையா?

பவுடர் போதாவிட்டால் கேக் எழும்பவே எழும்பாது. எழும்பிய பிறகு விழுகிறது என்றால் கோளாறு வேறு இடத்தில். எப்போது விழுந்தது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஓவனுக்குள் இருக்கும்போதே விழுந்தால் பவுடர் கூடிப்போயிருக்கிறது, அல்லது கதவைச் சீக்கிரம் திறந்திருக்கிறீர்கள். பவுடர் கூடினால் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, மாவும் முட்டையும் இறுகிச் சுவர் எழுப்பும் முன்பே உடைந்துவிடும். 125 கிராம் மைதாவுக்கு 1 முதல் 1¼ டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போதும். கதவை, சொன்ன நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு கழியும்வரை தொடாதீர்கள்.

உங்களுடையது வெளியே வந்த பிறகு விழுகிறது. அப்படியென்றால் நடுவில் வேகவில்லை. குழிந்த கேக்கை நட்ட நடுவில் வெட்டிப் பாருங்கள். ஓரங்களில் துகள் துகளாகப் பஞ்சு போல இருக்கும். குழிக்குக் கீழே மட்டும் பளபளவென்று, கண்ணறையே இல்லாமல், களி போல ஒரு பட்டை ஓடும். அதுதான் வேகாத இடம். குச்சியை நடுவில் விட்டுப் பார்க்க வேண்டும். மேலே விரிசல் இருந்தால் அதன் வழியாக விடாதீர்கள், விரிசலில் குச்சி சுத்தமாகவே வரும். ஈரத் துகள் ஒட்டினால் பரவாயில்லை, கலவை ஒட்டினால் இன்னும் ஐந்து நிமிடம். உணவு வெப்பமானி இருந்தால் நடுவில் 96 முதல் 98 டிகிரி காட்ட வேண்டும்.

நேரம் சரியாக வைத்தும் வேகவில்லை என்றால் ஓவனைச் சந்தேகியுங்கள். ஓவனின் திருகு குமிழில் 180 என்று வைத்தால் உள்ளே 160 மட்டுமே இருப்பது வீட்டு ஓவன்களில் சகஜம். கம்பித் தட்டில் வைக்கும் சிறிய ஓவன் வெப்பமானி ஒன்று இருந்தால் உண்மை தெரிந்துவிடும். முன்சூடு 15 முதல் 20 நிமிடம். விளக்கு அணைந்ததும் உள்ளே வைத்துவிட வேண்டாம். காற்று சூடாகியிருக்கும், சுவர்கள் சூடாகியிருக்காது.

கேள்வி: எனக்கு நேர்மாறு. நடுவில் மலை மாதிரி எழும்பி வெடித்துவிடுகிறது.

ஓவன் சூடு அதிகம். ஓரம் முதலில் இறுகிவிடுகிறது, நடுவில் இன்னும் பச்சையாக இருக்கும் கலவைக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. 180க்குப் பதில் 160 வைத்து, பத்து நிமிடம் கூடுதலாக விடுங்கள். ஃபேன் ஓடும் ஓவன் என்றால் குறிப்பில் உள்ளதைவிட 15 முதல் 20 டிகிரி குறைக்க வேண்டும். பழைய டவலைப் பட்டையாகக் கிழித்து, நனைத்துப் பிழிந்து, டின்னின் வெளிச்சுவரைச் சுற்றிக் கட்டினால் மேற்பரப்பு தட்டையாக வரும். துணியின் முனை எதுவும் தொங்கி ஓவன் கம்பியைத் தொடக்கூடாது.

கேள்வி: ஈஸ்ட் போட்டு இரண்டு மணி நேரம் வைத்தும் பிரெட் கல் மாதிரி வருகிறது. எங்கே தப்பு?

முதலில் நம்பகமான ஓர் அளவை வைத்துக்கொள்வோம். மைதா 500 கிராம், தண்ணீர் 325, உப்பு 10, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5, சர்க்கரை 20, வெண்ணெய் 25 கிராம். தண்ணீரையும் தராசிலேயே நிறுங்கள். மாவின் எடையில் தண்ணீர் 65 சதவீதம், உப்பு 2, ஈஸ்ட் 1. இந்த விகிதம் மனதில் பதிந்துவிட்டால் எந்தக் குறிப்பைப் பார்த்தாலும் அது தேறுமா தேறாதா என்று சொல்லிவிடலாம்.

அடுத்து ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இந்தத் தண்ணீரிலேயே 100 கிராம் எடுத்து 38 டிகிரிக்குச் சூடாக்கி (விரல் வைத்தால் சுடக்கூடாது, வெதுவெதுப்பு தெரிந்தால் போதும்), ஒரு சிட்டிகை சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். நுரை தொப்பி போல எழவில்லை என்றால் அந்த ஈஸ்ட்டைக் கொட்டிவிடுங்கள், மாவை வீணாக்க வேண்டாம். 55 முதல் 60 டிகிரியில் ஈஸ்ட் செத்துவிடும். கொதித்து இறக்கிய பாலை ஆறவிடாமல் ஊற்றுவதால்தான் பல பிரெட்கள் எழும்பாமல் போகின்றன.

மூன்றாவது, பிசைவது. நிறையப் பேர் தவறுவது இங்கேதான். முதல் நான்கைந்து நிமிடம் மாவு கையெல்லாம் ஒட்டும், மேற்பரப்பு கரடுமுரடாகப் பிய்ந்து பிய்ந்து வரும். ஒட்டுகிறதே என்று அந்த நேரத்தில் மாவு தூவுகிறோம். பிரெட் கல்லாவது அந்தக் கைப்பிடி மாவில்தான். தூவாமல், உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தள்ளி, மடித்து, கால் சுற்று திருப்பி, மறுபடி தள்ளுங்கள். எட்டாவது நிமிடம் வாக்கில் மாவு மேடையை விட்டுத் தானாகக் கழன்றுவரும், தோல் வழுவழுப்பாகும். எலுமிச்சை அளவு உருண்டை கிள்ளி நான்கு விரல்களால் மெல்ல விரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். மறுபக்கம் விரலின் நிழல் தெரியும் அளவுக்குக் கிழியாமல் சவ்வாக விரிந்தால் பிசைந்தது போதும். கிழிந்தால் இன்னும் மூன்று நிமிடம். வெண்ணெயை ஐந்தாவது நிமிடத்துக்குப் பிறகு சேருங்கள். முதலிலேயே போட்டால் மாவில் இழுவை வர நேரமாகும்.

கடைசியாக, “இரண்டு மணி நேரம்” என்ற கணக்கு. மாவுக்குக் கடிகாரம் தெரியாது. அறை 27 டிகிரி என்றால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் இரட்டிப்பாகும். 20 டிகிரி என்றால் அதைவிட வெகுநேரம் பிடிக்கும். நேரான சுவருள்ள கண்ணாடி டம்ளரில் ஒரு துண்டு மாவை அழுத்திப் போட்டு, மட்டத்தில் ரப்பர் பேண்ட் மாட்டிப் பெரிய மாவின் பக்கத்திலேயே வையுங்கள். டம்ளரில் இரட்டித்தால் பாத்திரத்திலும் இரட்டித்திருக்கும்.

பிறகு காற்றை அமுக்கி, சுருட்டி, 23×13 செ.மீ. டின்னில் இட்டு இரண்டாம் முறை பொங்க விடுங்கள். விரலில் மாவு தொட்டு அரை அங்குலம் குத்திப் பாருங்கள். குழி உடனே நிமிர்ந்தால் இன்னும் பொங்க வேண்டும். மெதுவாகப் பாதி நிமிர்ந்தால் ஓவனுக்கு நேரம். நிமிரவே இல்லை என்றால் மிஞ்சிவிட்டது. மறுபடி உருட்டி டின்னில் போட்டு, இம்முறை குறைந்த நேரம் பொங்கவைத்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். 200 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம், உள்வெப்பம் 93 முதல் 95. டின்னிலிருந்து எடுத்துக் கம்பித் தட்டில் ஒரு மணி நேரமாவது ஆற வேண்டும். சூட்டோடு அறுத்தால் உள்ளே பிசுபிசுவென்று வேகாதது போலவே இருக்கும்.

வெந்த பிரெட்டும் பேசும். பக்கவாட்டில் பிளந்து, உள்ளே இறுக்கமாக இருந்தால் பொங்கியது போதவில்லை. மேலே சுருங்கித் தட்டையாகி, மேல்தோலுக்கு அடியில் பெரிய ஓட்டை இருந்தால் அதிகம் பொங்கிவிட்டது.

கேள்வி: இதையே முழுக் கோதுமை மாவில் செய்யலாமா?

செய்யலாம், தண்ணீரை ஏற்றுங்கள். தவிடு தண்ணீரை நிறையக் குடிக்கும். 500 கிராமுக்கு 375 முதல் 390 கிராம் தேவை. மாவும் தண்ணீரும் மட்டும் கலந்து அரை மணி நேரம் மூடி வைத்து, பிறகு மற்றதைச் சேர்த்துப் பிசையுங்கள். தவிடு ஊறி மெத்தென்றாகும், சவ்வை அறுப்பது குறையும். மைதா அளவு உயரம் எதிர்பார்க்க வேண்டாம். முதல் தடவை பாதி மைதா, பாதி கோதுமை என்று தொடங்குவது நல்லது.

கேள்வி: பேக்கிங் சோடா தீர்ந்துவிட்டால் பவுடர் போடலாமா? பவுடருக்குப் பதில் சோடா?

இரண்டும் ஒன்றல்ல. சோடா வெறும் காரம். தயிர், மோர், வினிகர், எலுமிச்சைச் சாறு என்று புளிப்பு ஒன்று இருந்தால்தான் சரியாக வேலை செய்யும். பவுடரில் சோடாவும் புளிப்பும் ஏற்கெனவே கலந்திருக்கும். வீரியத்தில் சோடா மூன்று நான்கு மடங்கு.

சோடாவுக்குப் பதில் பவுடர்: மூன்று மடங்கு போட்டால் கேக் எழும்பும், ஆனால் கலவையின் புளிப்பு அடங்காமல் நாக்கில் தெரியும். பவுடருக்குப் பதில் சோடா: 1 டீஸ்பூன் பவுடருக்கு ¼ டீஸ்பூன் சோடாவும் ½ டீஸ்பூன் க்ரீம் ஆஃப் டார்ட்டர் என்ற புளிப்புப் பொடியும். புளிப்பே இல்லாமல் சோடாவை மட்டும் போட்டால் சோப்பு வாடையும் பழுப்பு நிறமும்தான் மிஞ்சும். 240 மில்லி தயிருக்கு ½ டீஸ்பூன் சோடா சரியாக இருக்கும். சோடா சேர்த்த கலவையைக் காக்க வைக்காதீர்கள். கலந்த நிமிடமே வாயு வெளியேறத் தொடங்கிவிடும்.

பழைய டப்பாவைச் சோதிக்க: பவுடரை வெந்நீரில், சோடாவை வினிகரில் போடுங்கள். சுறுசுறுவென்று பொங்க வேண்டும்.

கேள்வி: வெண்ணெய், சர்க்கரை நன்றாக நுரைத்து வருகிறது. முட்டை சேர்த்ததும் திரிந்துவிடுகிறது.

முட்டை குளிர்ச்சியாக இருந்திருக்கும், அல்லது ஒரேயடியாக ஊற்றியிருப்பீர்கள். ஓட்டோடு வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் போட்டு எடுங்கள். அடித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு டேபிள்ஸ்பூனாகச் சேருங்கள், முன்பு ஊற்றியது மறைந்த பிறகு அடுத்தது. வெண்ணெய் 18 முதல் 20 டிகிரியில் இருக்க வேண்டும்: விரலால் அழுத்தினால் குழியும், எண்ணெய்ப் பளபளப்பு இருக்காது. திரிந்தேவிட்டால் பதறாமல், குறிப்பில் உள்ள மாவிலிருந்தே 1 டேபிள்ஸ்பூன் எடுத்துச் சேர்த்து அடியுங்கள், சேர்ந்துகொள்ளும்.

கேள்வி: 8 அங்குல டின்னுக்கான குறிப்பு. என்னிடம் 6 அங்குலம்தான் இருக்கிறது. முக்கால் பங்கு கலவை போதுமா?

அதிகம். விட்டத்தைப் பார்க்காதீர்கள், அதன் வர்க்கத்தைப் பாருங்கள்: 64க்கு 36. பாதிக்குச் சற்று மேல்தான் வேண்டும். 9லிருந்து 8க்கு என்றால் 81க்கு 64, ஏறக்குறைய ஐந்தில் நான்கு. 8 அங்குலச் சதுர டின்னும் 9 அங்குல வட்ட டின்னும் பரப்பில் கிட்டத்தட்ட சமம். எந்த டின்னானாலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்.

கேள்வி: முட்டை இல்லாத கேக் பிசுபிசுவென்று, அடியில் களியாக வருகிறது.

முட்டை கலவையைப் பிணைக்கிறது, சூட்டில் இறுகித் தாங்குகிறது, காற்றையும் பிடித்து வைக்கிறது. நான்கு முட்டைக் குறிப்பை எடுத்து முட்டைக்குப் பதில் தயிர் ஊற்றினால் ஈரம் மட்டும் சேரும், தாங்க ஆள் இருக்காது. முட்டையில்லாத கேக்கை அதற்கென்றே அமைந்த அளவில் செய்யுங்கள்: மைதா 190 கிராம், கெட்டித் தயிர் 240, சர்க்கரை 150, மணமில்லாத எண்ணெய் 120 மில்லி, பேக்கிங் பவுடர் 1¼ டீஸ்பூன், சோடா ½ டீஸ்பூன், வெனிலா 1 டீஸ்பூன். தயிரில் சர்க்கரை கரைந்ததும் எண்ணெய், வெனிலா; மற்றதைச் சேர்த்துச் சலித்துக் கொட்டி, உலர்ந்த மாவு கண்ணில் படாத நொடியில் கலக்குவதை நிறுத்துங்கள். அதற்கு மேல் சுற்றும் ஒவ்வொரு சுற்றும் ரப்பர்த்தனத்தைக் கூட்டும். 180 டிகிரியில் 30 முதல் 40 நிமிடம்.

கேள்வி: கேரமல் புட்டிங் வழுவழுப்பாக வராமல் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது.

சூடு மிஞ்சிவிட்டது. முட்டையும் பாலும் சேர்ந்த கலவை 80 டிகிரியைத் தாண்டும்போது இறுகும். 85க்கு மேல் போனால் சுருங்கி நீர் விடும். உங்களுக்குக் கிடைத்த இடைவெளி அவ்வளவுதான். 500 மில்லி பால், 4 முட்டை, 100 கிராம் சர்க்கரை. பாலைக் கை பொறுக்கும் சூட்டில் கலந்து, நுரை எழுப்பாமல் அடித்து, வடிகட்டி, மேலே மிதக்கும் குமிழிகளைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள். பெரிய தட்டில் அச்சை வைத்து, பாதி உயரத்துக்கு வெந்நீர் ஊற்றி, 150 டிகிரியில் 45 முதல் 55 நிமிடம். அச்சை அசைத்தால் ஓரம் நின்று, நடுவில் தளதளவென்று ஆட வேண்டும். அப்போதே எடுத்துவிடுங்கள், மிச்சச் சூட்டில் இறுகும். அடுப்பில் ஆவியில் வேகவைப்பவர்கள் தீயைச் சிறிதாக்கி, மூடிக்கு அடியில் துணி கட்டுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்தால் ஓட்டை நிச்சயம்.

கேள்வி: உலர்பழங்கள் எல்லாம் அடியில் தங்கிவிடுகின்றன. மாவில் புரட்டியும் பயனில்லை.

கலவை தளர்வாக இருந்தால் மாவில் புரட்டுவது உதவாது. பழத்தைச் சிறிதாக நறுக்கி, ஊறிய சாற்றை வடித்துத் துணியில் ஒற்றுங்கள். கலவையில் மூன்றில் ஒரு பங்கைப் பழம் இல்லாமல் டின்னின் அடியில் பரப்பி, மீதியில் பழத்தைக் கலந்து மேலே ஊற்றுங்கள்.

கேள்வி: உருக்கிய சாக்லேட் திடீரென்று மணல் மாதிரி இறுகிவிட்டது. கொட்டத்தான் வேண்டுமா?

வேண்டாம். ஒரு சொட்டு நீரோ ஆவியோ பட்டிருக்கும். அதிலுள்ள சர்க்கரையும் கோகோவும் அந்த ஈரத்தில் ஒட்டிக் கட்டியாகின்றன. கேட்க விசித்திரமாக இருக்கும், மருந்தும் தண்ணீர்தான்: 100 கிராமுக்கு ஒவ்வொரு டேபிள்ஸ்பூனாக வெந்நீரோ சூடான க்ரீமோ சேர்த்துக் கலக்க, மறுபடி வழவழப்பாகும். அது சாஸுக்கும் கேக் கலவைக்கும் ஆகும், மேல்பூச்சாக இறுகாது.

கேள்வி: வீட்டில் செய்த பிரெட்டை ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாளே காய்ந்துவிடுகிறது.

ஃப்ரிட்ஜ்தான் காரணம். வெந்த மாவுச்சத்து ஆறியதும் மெல்ல மெல்ல மறுபடி இறுகத் தொடங்கும். அந்த வேலை வேகமாக நடப்பது ஃப்ரிட்ஜின் குளிரில்தான். இரண்டு நாளைக்கு வேண்டியதை வெளியே, முழுதாக ஆறிய பிறகு மூடிய டப்பாவில் வையுங்கள். மீதியை அன்றே துண்டு போட்டு, காற்றுப் புகாத பையில் ஃப்ரீசரில் வையுங்கள். வேண்டும்போது உறைந்த துண்டை அப்படியே டோஸ்டரிலோ சூடான தவாவிலோ போடலாம்.

இன்னும் ஒரு நாள் கூடுதலாக மெத்தென்று இருக்க, மேலே சொன்ன 500 கிராம் மைதாவில் 25 கிராமும் 325 கிராம் தண்ணீரில் 125 கிராமும் எடுத்து, சிறு தீயில் கூழாகக் காய்ச்சிக்கொள்ளுங்கள். 65 டிகிரி வந்ததும், கரண்டியால் கோடு இழுத்தால் தடம் நிற்கும். இறக்கி ஆறவைத்துப் பிசையும்போது சேருங்கள். மாவு இறுக்கமாகத் தெரிந்தால் தண்ணீர் இன்னும் 30 கிராம் வரை விடலாம்.